பணம் பறக்கிறது... சட்டம் நடக்கிறது!

*சைபர் குற்றத்தில் சிக்கியவரின் முதல் ஒரு மணி நேரம் தொடங்கி, நீதிமன்றப் படி வரை: சட்டம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிரிக்கிறது?*

2024 ஆகஸ்ட் கடைசி வாரம், பஞ்சாபின் லூதியானா. நாட்டின் பெரிய நூற்பாலைக் குழுமங்களில் ஒன்றான வர்த்மானின் தலைவர் எஸ்.பி.ஓஸ்வால் தன் வீட்டில் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வயது 82. பத்மபூஷண் பெற்றவர். திரையில் உச்ச நீதிமன்ற விசாரணை ஓடிக்கொண்டிருக்கிறது. நீதிபதியின் முகம் தெரியவில்லை. பேசுபவர் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் என்று சொல்லப்படுகிறது. குரல் கேட்கிறது, நடுநடுவே சுத்தியல் தட்டும் ஓசையும் கேட்கிறது. சற்று நேரத்தில் முத்திரை குத்திய ‘உத்தரவு’ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. குறிப்பிட்ட கணக்குகளுக்கு 7 கோடி ரூபாய் அனுப்ப வேண்டும். அவரும் அனுப்பிவிட்டார்.

எல்லாம் ஒரு போன் அழைப்பில் ஆரம்பித்தது. உங்கள் எண் துண்டிக்கப்படப் போகிறது, ஒன்பதை அழுத்துங்கள் என்றது குரல். அழுத்தியதும் ‘சி.பி.ஐ. அதிகாரி’ வந்தார். உங்கள் பெயரில் மும்பையில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது, ஜெட் ஏர்வேஸ் நிறுவனர் நரேஷ் கோயலின் வழக்கில் அது சிக்கியிருக்கிறது என்றார். அதன் பிறகு வீடியோ கால் அணையவே இல்லை. தூங்கும்போதும் கேமரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்திய நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. அது நம் சினிமா கொடுத்த வழக்கம். மோசடிக் கும்பலுக்கு அது போதுமானதாக இருந்தது. படிப்பறிவும் அனுபவமும் வக்கீல் பட்டாளமும் உள்ள ஒரு தொழிலதிபரே இரண்டு நாள் தன் வீட்டிலேயே கைதியாக இருந்தார் என்றால், பென்ஷன் வாங்கும் ஆசிரியரை ஏமாந்தவர் என்று ஏளனம் செய்ய நமக்கு என்ன இருக்கிறது?

ஓஸ்வால் கதையில் ஒரு வித்தியாசம் உண்டு. விஷயம் புரிந்ததும் அவர் தரப்பு தாமதிக்காமல் போலீஸுக்குப் போனது. 5 கோடியே 25 லட்சம் ரூபாய் மீட்கப்பட்டது. நாட்டில் இந்த வகைக் குற்றத்தில் இவ்வளவு பெரிய பங்கு திரும்புவது அபூர்வம்.

கைது என்றால் என்ன?

இந்த வகை மோசடிக்குப் பெயர் ‘டிஜிட்டல் கைது’. அப்படி எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. கைது செய்யும் போலீஸ்காரர் நேரில் வர வேண்டும். பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். சாட்சி கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போலீஸுக்குச் சொல்லிவிட்டது. பிரதமரே 2024 அக்டோபர் ‘மனதின் குரல்’ உரையில் இதைப் பற்றிப் பேசி எச்சரித்தார்.

அதன் பிறகும் ஹரியாணாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதி உச்ச நீதிமன்றத்தின் போலி உத்தரவுகளைக் கண்டு பயந்து, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கட்டினார்கள். தன் பெயரையே கள்ளக் கையெழுத்தாக்கியதைப் பார்த்த உச்ச நீதிமன்றம், 2025 அக்டோபரில் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. டிசம்பர் 1 அன்று நாடு முழுவதுமான டிஜிட்டல் கைது மோசடிகளை விசாரிக்க சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது. கணக்குத் திறக்க உடந்தையாக இருந்த வங்கி ஊழியர்களை ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்கவும் வழி திறந்துவிட்டது. போனில் மிரட்டியவனைத் தாண்டி, கணக்குக்குக் கதவு திறந்தவர் வரை பார்வை போனது இந்த உத்தரவில் முக்கியமான திருப்பம்.

புகார் லட்சத்தில், வழக்கு ஆயிரத்தில்

2023-ல் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்துக்கு 15 லட்சத்துக்கும் மேல் புகார்கள் வந்தன. அதே ஆண்டில் நாடு முழுவதும் பதிவான சைபர் குற்ற வழக்குகள், தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 86,420. அதாவது நூறு பேர் புகார் செய்தால் ஆறு பேருக்குக்கூட எஃப்.ஐ.ஆர். இல்லை.

இது பலருக்குத் தெரிவதில்லை. உதவி எண் 1930-க்கு போன் செய்தேன், ஒப்புகை எண் வந்துவிட்டது, கேஸ் போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒப்புகை எண் வெறும் புகார்ச் சீட்டுதான். அது சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்குப் போய், அங்கே முகாந்திரம் பார்த்து, அதன் பிறகுதான் எஃப்.ஐ.ஆர். நடுவில் நம்மூரில் சி.எஸ்.ஆர். என்ற ரசீது ஒன்று உண்டு. “சி.எஸ்.ஆர். போட்டுட்டோம், கூப்பிடுறோம், போங்க” என்ற வாக்கியத்தோடு முடிந்துபோன புகார்களை எண்ணினால் ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகை வரும். சி.எஸ்.ஆர். கையில் இருந்தால் வங்கி கொஞ்சம் மரியாதை கொடுக்கும், அவ்வளவுதான். போலீஸ் வழக்கு நீதிமன்றத்துக்குப் போக எஃப்.ஐ.ஆர். வேண்டும்.

போலீஸைக் குறை சொல்வது சுலபம். சட்டமே அவர்கள் கையைக் கொஞ்சம் கட்டியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-வது பிரிவுப்படி, அந்தச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேல் உள்ள அதிகாரிதான் விசாரிக்க முடியும். ஒரு நிலையத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர். அவருக்கு பந்தோபஸ்து உண்டு, கோர்ட் உண்டு, திருவிழா உண்டு. சப்-இன்ஸ்பெக்டர்கள் எத்தனை பேர் சும்மா இருந்தாலும் இந்தக் கோப்பைத் தொட முடியாது. கணினிக் குற்றம் இவ்வளவு பரவாத காலத்தில், 2008 திருத்தத்தில் எழுதிய விதி அது. இன்று மீன் மார்க்கெட்டிலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது.

தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் சுமார் 1,670 கோடி ரூபாய் இப்படிப் பறிபோனதாக மாநில சைபர் குற்றப் பிரிவு சொன்னது. நாடு முழுவதும் அந்த ஆண்டு இழப்பு 22,845 கோடி என்று மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

ஓடும் பணத்தைப் பிடிப்பது எப்படி?

வீட்டில் பீரோ உடைந்தால் ஊரார் வந்து பார்த்து, ஆளுக்கொன்று சொல்லி, மத்தியானத்துக்கு மேல் ஸ்டேஷனுக்குப் போகலாம்; நகை அதற்குள் அடகுக்கடையைத் தாண்டியிருக்காது. இந்தக் குற்றத்தில் அந்த நிதானத்துக்கு இடமே இல்லை. உங்கள் கணக்கிலிருந்து போன 5 லட்சம், முதல் கணக்கில் விழுந்த சில நிமிடங்களில் பத்துப் பதினைந்தாகப் பிரிகிறது. அந்தக் கணக்குகளிலிருந்து இன்னொரு வரிசைக்குப் போகிறது. போலீஸ் பேச்சில் இவை ‘லேயர்’. மூன்றாவது, நான்காவது லேயரில் யாரோ ஒருவர் ஏ.டி.எம். வாசலில் நின்று ரொக்கமாக எடுக்கிறார், அல்லது யு.எஸ்.டி.டி. என்ற கிரிப்டோவாக மாற்றிவிடுகிறார். கிரிப்டோ ஆனபின் பணம் நாட்டுக்குள் இல்லை என்று பொருள்.

இந்த ஓட்டத்தைத் துரத்தத்தான் 2021-ல் உதவி எண் வந்தது. முதலில் 155260 என்று இருந்தது, பிறகு 1930 ஆனது. நீங்கள் அழைத்ததும் எதிர்முனையில் இருப்பவர் உங்கள் பரிமாற்ற விவரத்தை ஒரு பொது மென்பொருளில் ஏற்றுகிறார். அது உங்கள் வங்கிக்குப் போகிறது. பணம் எந்த வங்கிக்குப் போனது என்று பார்த்து, அந்த வங்கிக்குத் தட்டிவிடப்படுகிறது. அங்கே மிச்சம் இருந்தால் நிறுத்தி வைக்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த லேயருக்குத் துரத்தல் தொடர்கிறது. நிறுத்தி வைப்பதற்கு வங்கிக்காரர்கள் சொல்லும் பெயர் ‘லியன்’. 2021 முதல் 2025 நடுப்பகுதி வரை இந்த முறையில் காப்பாற்றப்பட்டது 5,489 கோடி ரூபாய். நான்கு ஆண்டுச் சேமிப்பு, 2024 என்ற ஒரே ஆண்டின் இழப்பில் கால் பங்குக்கும் குறைவு.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் தொழில்நுட்பம் கிடையாது. வெட்கம்தான். மருமகனுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார், ஆபீஸில் சிரிப்பார்களே என்று இரண்டு நாள் யோசிக்கிறார்கள். இன்னும் சிலர் மோசடிக்காரனிடமே போன் போட்டுக் கெஞ்சுகிறார்கள். “வரி கட்டினால் முழுப் பணமும் ரிலீஸ் ஆகும்” என்று அவன் சொல்ல, மறுபடியும் கட்டுகிறார்கள். பங்குச்சந்தை முதலீடு என்று சொல்லும் டெலிகிராம் குழுக்களில் இந்த இரண்டாவது சுற்றில் போவது பல நேரம் முதல் சுற்றைவிட அதிகம்.

இன்னொரு பெரிய தவறு, ஆத்திரத்தில் உரையாடலை அழிப்பது, போனை ரீசெட் செய்வது. பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆவணம் நீதிமன்றத்தில் ஏற்கப்பட அதற்கென ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழில் கருவியின் விவரமும், கோப்பு மாறவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் மதிப்பும் இடம்பெற வேண்டும். மூலமே அழிந்துபோனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு வக்கீல் தடுமாறுவார்.

▣ பெட்டிச் செய்தி: 1930-க்கு அழைக்கும் முன் கையில் வைத்திருங்கள்

பணம் போன கணக்கு எண், வங்கியின் பெயர், தேதி, நேரம், தொகை. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உள்ள யு.டி.ஆர். எண், யு.பி.ஐ. என்றால் செயலியில் பரிமாற்ற வரலாற்றில் இருக்கும். கார்டு என்றால் அட்டை எண். மோசடிக்காரரின் போன் எண், யு.பி.ஐ. முகவரி, இணைப்பு.

லைன் கிடைக்கவில்லையா? காத்திருக்க வேண்டாம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியுங்கள், அதே நேரத்தில் வங்கியின் மோசடிப் புகார் எண்ணையும் அழையுங்கள். 1930-ல் சொன்னபின் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் முழுப் புகாரையும் நிரப்ப வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏ.பி.கே. கோப்பைத் தொட்டுத்தான் பணம் போனது என்றால், அந்த போனை உடனே இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறு போனிலிருந்து புகார் செய்யுங்கள். ▣

நிறுத்தி வைத்த பணம் யாருடையது?

லியன் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பணம் வந்துவிடவில்லை, நகராமல் இருக்கிறது, அவ்வளவே. அதை உங்கள் கணக்குக்குத் திருப்ப, பொதுவாக மாஜிஸ்திரேட்டிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503-வது பிரிவில் மனுப் போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451, 457 என்று இருந்தவைதான் இவை. சைக்கிள் திருட்டில் மீட்ட சைக்கிளைக் கேட்டு வாங்கும் அதே பிரிவு.

பணம் வேறு மாநில வங்கியில் நிற்கும். அதே தொகைக்கு இன்னொரு பாதிக்கப்பட்டவரும் உரிமை கோருவார். வங்கி உத்தரவின் சான்றொப்பமிட்ட நகல் கேட்கும். இருபதாயிரம் ரூபாய்க்கு வக்கீல் பீஸ் எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போட்டு மனுவே போடாமல் விட்டவர்கள் ஏராளம். குஜராத் போன்ற மாநிலங்கள் லோக் அதாலத் வழியாக இந்தத் தொகைகளைக் கூட்டமாகத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது நல்ல வழி. சிறு தொகைக்கான நடைமுறை தளர்ந்தும் வருகிறது. ஆனாலும் நிறுத்தப்பட்டதற்கும் திரும்பியதற்கும் நடுவே உள்ள பள்ளம் பெரியது. இழப்புப் புள்ளிவிவரம் வெளியாகும்போது நிருபர்கள் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை கோடி முடக்கினீர்கள் என்பதைவிட, எத்தனை கோடி வீடு போய்ச் சேர்ந்தது என்பதுதான்.

சட்டம் வந்த கதை

2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ என்ற வைரஸ் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகின் அலுவலகங்களை முடக்கியது. சந்தேக நபர் பிடிபட்டார். ஆனால் அவர் செய்ததைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் அந்த நாட்டில் இல்லாததால் வழக்கு கைவிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உண்மையில் அது மின்னணு வணிகத்துக்காக எழுதப்பட்ட சட்டம். குற்றங்கள் கடைசி அத்தியாயங்களில் ஒட்டிக்கொண்டு வந்தன.

அந்தச் சட்டத்தில் நாட்டின் முதல் தண்டனைகளில் ஒன்று நம் எழும்பூர் நீதிமன்றத்தில் 2004 நவம்பரில் வந்தது. விவாகரத்தான ஒரு பெண்ணின் பெயரில் யாஹூ குழுவில் ஆபாசச் செய்தி போட்டு, அவர் போன் எண்ணையும் பரப்பியவருக்கு இரண்டு ஆண்டு கடுங்காவல். புகாரிலிருந்து தீர்ப்புவரை ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. இருபது ஆண்டு கழித்து, எல்லாக் கருவியும் வந்தபின், அந்த வேகம் ஏன் அபூர்வமாகிவிட்டது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

2008 திருத்தம் அடையாளத் திருட்டையும் ஆள்மாறாட்டத்தையும் தனிக் குற்றமாக்கியது. கூடவே 66-ஏ என்ற பிரிவையும் கொண்டுவந்தது. எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினால் சிறை! 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆறு ஆண்டு கழித்தும் காவல் நிலையங்கள் அதே செத்த பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டு நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள்.

▣ பெட்டிச் செய்தி: எந்தக் குற்றம், எந்தப் பிரிவு?

அடுத்தவரின் பாஸ்வேர்டு, ஓ.டி.பி., மின்னணுக் கையொப்பத்தைப் பயன்படுத்துவது: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி. மூன்று ஆண்டு வரை சிறை.

கணினி, போன் வழியாக வேறொருவர் போல நடித்து ஏமாற்றுவது: 66-டி. மூன்று ஆண்டு வரை.

அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படமெடுப்பது, பரப்புவது: 66-இ. மூன்று ஆண்டு வரை.

ஆபாசப் பாலியல் காட்சியைப் பரப்புவது: 67-ஏ. முதல் முறை ஐந்து ஆண்டு வரை. குழந்தைகள் என்றால் 67-பி. தேடுவதும் சேமிப்பதும்கூடக் குற்றம்.

ஏமாற்றிப் பணம் பறிப்பது: பாரதிய நியாய சன்ஹிதா 318(4), பழைய 420. ஏழு ஆண்டு வரை.

கும்பலாகச் செய்வது: அதே சட்டம் 111. குறைந்தது ஐந்து ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ▣

இந்தப் பட்டியலில் ஒளிந்திருக்கும் ஒரு சூட்சுமத்தை வக்கீல்கள் நன்றாக அறிவார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் மூன்று ஆண்டு தண்டனைக் குற்றங்கள் ஜாமீனில் விடத்தக்கவை. 66-டி மட்டும் போட்டால், கம்ப்யூட்டர் வழியாக ஒரு கோடி அடித்தவர் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்கலாம். அதனால்தான் எஃப்.ஐ.ஆரில் 318(4)-ஐயும் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாக வாங்கி, அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வங்கிக்குப் பொறுப்பு இல்லையா?

இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் அமைப்பில் எங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் கூடாது. நான்கு முதல் ஏழு நாள் என்றால் உங்கள் பங்கு ஓர் உச்சவரம்புக்குள் நிற்கும். தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கு.

சிக்கல் ஓ.டி.பி.யில் இருக்கிறது. நீங்களே சொல்லிவிட்டால் அது உங்கள் அஜாக்கிரதை. புகார் செய்யும் வரையிலான நஷ்டம் உங்கள் தலையில். டிஜிட்டல் கைதில் நீங்களே கிளைக்குப் போய் ஆர்.டி.ஜி.எஸ். படிவம் நிரப்பி அனுப்பியிருப்பீர்கள். வங்கி கையை விரித்துவிடும். எழுபது வயதுக்காரர் வைப்புநிதியை எல்லாம் ஒரே நாளில் உடைத்து, முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்புகிறார். கவுன்ட்டரில் இருப்பவருக்கு ஒரு கேள்விகூட எழவில்லையா? சந்தேகத்துக்குரிய கணக்குகளைக் கண்டறியத் தொழில்நுட்பத்தை ஏன் பயன்படுத்தவில்லை என்று ரிசர்வ் வங்கியிடம் உச்ச நீதிமன்றமும் கேட்டிருக்கிறது.

அதிகம் பேர் அறியாத கதவு ஒன்று உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-வது பிரிவின் கீழ், மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே நீதி வழங்கும் அதிகாரி. 5 கோடி வரையிலான நஷ்டஈட்டு மனுக்களை அவர் விசாரிக்கலாம். 2010-ல் தமிழ்நாட்டில் இது நடந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த ஒரு தூத்துக்குடிக்காரர் போலி மின்னஞ்சலில் பணத்தை இழந்தார். வங்கி உரிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யவில்லை என்று கண்டு, 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்க அதிகாரி உத்தரவிட்டார். மேல்முறையீட்டுக்கு இருந்த தீர்ப்பாயமோ, 2011-க்குப் பிறகு தலைவரே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. கதவு இருக்கிறது, துரு ஏறிய கதவு. இதைத் தட்டச் சொல்லிக்கொடுக்கும் விழிப்புணர்வு முகாமை இன்னும் நான் பார்க்கவில்லை.

படம் பரவினால்...

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். கல்லூரிக் காலத்தில் முன்னாள் நண்பர் ரகசியமாக எடுத்த அந்தரங்க வீடியோக்கள் இணையத்தில் பரவிக்கொண்டிருந்தன. எடுத்தவரை அடையாளம் காண என்ற பெயரில், ஆண் போலீஸ்காரர்கள் சூழ அவரையும் வைத்துக்கொண்டே வீடியோவைப் பார்த்தார்கள். எஃப்.ஐ.ஆரில் பெயரையும் எழுதினார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் இதைக் கடுமையாகக் கண்டித்து, 48 மணி நேரத்தில் அவற்றை நீக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். ஒரு வழக்கறிஞருக்கே இந்தக் கதி என்றால் மற்ற பெண்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். இப்படிப்பட்ட காட்சிகளை நீக்குவதற்கான செயல்முறையை மத்திய அரசு வகுக்க இந்த வழக்கே காரணமானது.

புகார் வந்தால் அந்தரங்கக் காட்சிகளைச் சமூக வலைதளங்கள் அதிகபட்சம் 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2021 விதிகளே கெடு வைத்தன. நீக்கத் தவறினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு தரும் பாதுகாப்பை அந்த நிறுவனம் இழக்க நேரும். ஆகவே போலீஸுக்குப் போகும் முன்பே, போகும்போதே, வலைதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பெண்களும் குழந்தைகளும் சம்பந்தப்பட்ட புகாரை தேசிய இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். மிரட்டுபவனுக்குப் பணம் கொடுப்பதால் படம் அழியாது. அடுத்த வாரம் மறுபடி கேட்பான்.

பிடிபடுவது யார்?

2025 ஜூனில் சி.பி.ஐ. ஒரு கணக்கை வெளியிட்டது. 700-க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் 8.5 லட்சம் மியூல் கணக்குகள். மோசடிப் பணம் கடந்து போக வாடகைக்கு விடப்பட்ட கணக்குகள் அவை. உரியவர்களை அடையாளம் காட்டாமல், முறையான சரிபார்ப்பு இல்லாமல் திறக்கப்பட்டவை.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் இடம் கல்லூரி வாசல், மேன்ஷன் அறை, வேலை தேடும் வாட்ஸ்அப் குழு. கணக்கு, ஏ.டி.எம். கார்டு, அதோடு இணைந்த சிம் மூன்றையும் கொடுத்தால் சில ஆயிரம் ரூபாய். மாநில சைபர் குற்றப் பிரிவு ‘ஆபரேஷன் திரைநீக்கு’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் 76 பேரையும், 2025 ஜூனில் நடந்த இரண்டாவது சுற்றில் 136 பேரையும் கைது செய்தது. இவர்களில் கணக்குக் கொடுத்தவர்களும் முகவர்களும் உண்டு. “எனக்கு ஒண்ணும் தெரியாது சார், ஃப்ரெண்டு கேட்டான், குடுத்தேன்” என்ற பதில் வழக்கைத் தள்ளுபடி செய்யாது. ஒரே கணக்கின் பெயரில் நான்கைந்து மாநிலங்களில் புகார் இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் தனித்தனி வழக்கு, தனித்தனி ஜாமீன், தனித்தனி ரயில் டிக்கெட்.

இன்னொரு பக்கம், குற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத டீக்கடைக்காரரின் கணக்கும் முடங்குகிறது. யாரோ திருட்டுப் பணத்திலிருந்து கியூ.ஆரில் இருநூறு ரூபாய் போட்டுச் சாப்பிட்டுப் போயிருப்பார். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு காவல் நிலையத்தின் மின்னஞ்சல் வந்ததும் வங்கி முழுக் கணக்கையும் பூட்டிவிடும். பால்காரருக்குக் கொடுக்கக் காசு இருக்காது. 2024 செப்டம்பரில் இப்படிப்பட்ட ஒரு வழக்கில், எவ்வளவு தொகை சந்தேகத்துக்குரியது என்றே சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்றது சென்னை உயர் நீதிமன்றம். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைப் பயன்படுத்த அனுமதித்தது. உங்கள் கணக்கு முடங்கினால் வங்கியிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை.

கடலுக்கு அப்பால்

திரையில் பேசிய ‘சி.பி.ஐ. அதிகாரி’ எங்கே உட்கார்ந்திருக்கிறார்? பெரும்பாலும் கம்போடியா, மியான்மர், லாவோஸ். முள்வேலி போட்ட வளாகங்கள். அங்கே பேசுபவர்களில் பலர் நம் பையன்கள். டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி விமானம் ஏறியவர்கள். பாஸ்போர்ட் பிடுங்கப்படும். இலக்கு எட்டவில்லை என்றால் அடி, மின்சார ஷாக். 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் தாய்லாந்து வழியாகத் திரும்பினார்கள்.

இவர்கள் குற்றவாளிகளா, பாதிக்கப்பட்டவர்களா? சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. அனுப்பிய ஏஜென்ட் மீது 1983-ன் குடிபெயர்வுச் சட்டத்திலும் ஆள்கடத்தல் பிரிவிலும் வழக்குப் போடலாம். திரும்பி வந்தவர் தன்னை ஏமாற்றிய ஏஜென்டின் பெயரைச் சொன்னால், தானும் அங்கே ஏமாற்றியதை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயப்படுகிறார். அதனால் ஏஜென்ட் தப்பிக்கிறார். அடுத்த மாதம் இன்னொரு வாட்ஸ்அப் குழுவில் அதே விளம்பரம் வருகிறது.

நாடு தாண்டிய குற்றத்துக்கும் நம் சட்டம் செல்லும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-வது பிரிவு. தாளில் சரி. அங்கே உள்ள சர்வரின் விவரத்தைக் கேட்டு இங்கிருந்து கடிதம் போய், பதில் வருவதற்குள் சர்வரே இருக்காது. 2001-ன் புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஐ.நா.வின் புதிய சைபர் குற்ற ஒப்பந்தம் 2024 டிசம்பரில் நிறைவேறி, 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வர 40 நாடுகளின் ஒப்புதல் தேவை.

2025 ஜூலையில் மேற்கு வங்கத்தின் கல்யாணி நீதிமன்றம், டிஜிட்டல் கைது வழக்கு ஒன்றில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இந்த வகைக் குற்றத்தில் நாட்டிலேயே முதல் தண்டனை என்று அது பேசப்பட்டது. பாதிக்கப்பட்டவர் இழந்தது சுமார் ஒரு கோடி. வங்கிக் கணக்குகளையும் சிம்களையும் பிடித்துக்கொண்டு போன போலீஸ் குஜராத், மகாராஷ்டிரா, ஹரியாணா என்று அலைந்து ஆட்களைக் கொண்டுவந்தது. மிரட்டல் அழைப்புகளோ கம்போடியாவிலிருந்து வந்தவை. குற்றவாளிக் கூண்டில் நின்ற ஒன்பது பேரும் இந்தியர்கள்.